பானையா, பொழுதா? ‘ஒருசந்தி’ என்னும் நோன்புச் சொல் குறித்து ஒரு மறுவாசிப்பு

தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேச நூல்களில் திருச்சபைக் கட்டளைகளைக் கூறும் இடத்தில் இரண்டு சொற்கள் கைகோத்து வரும்: ஒருசந்தி, சுத்தபோசனம். இவற்றுள் முதற்சொல்லைத் தமிழகச் சமய வரலாற்றை எழுதியோரில் ஒரு சாரார் நெடுங்காலமாக ஒரே விதமாகத்தான் படித்து வருகிறார்கள். சனிக்கிழமைக்கும் கார்த்திகைக்கும் ஒருசந்தி இருந்த குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றபின் அதே விரதத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டன. வணங்கும் பெயர் மாறிற்று, வயிற்றின் பழக்கம் மாறவில்லை. எனவே சொல்லும் நோன்பும் பழைய சமயத்தின் எச்சம் என்பது அவ்வாசிப்பு. இக்கட்டுரை அதை அடியோடு மறுக்கவில்லை. உள்ளூர் வழக்கின் தடம் தமிழ்க் கிறித்தவ நோன்பில் இருக்கவே இருக்கிறது. அதை ஒருசந்தியில் தேடியதுதான் பிழை. தடம் பதிந்திருப்பது இணைச்சொல்லான சுத்தபோசனத்தில். இந்த இடமாற்றத்தை ஏற்றால், சென்னைக்குத் தெற்கே நாவலூர் முதல் மாமல்லபுரம் வரை இன்று தவக்காலம் கடைப்பிடிக்கும் கிறித்தவர் எதைக் காப்பாற்றி எதைக் கைநழுவ விட்டிருக்கிறார்கள் என்பதும் வேறு விதமாகத் தெரியும்.

ஒருசந்தி என்பது எண்ணைச் சொல்லும் சொல். நாளில் ஒரு பொழுது மட்டும் உண்பது, அவ்வளவே. எதை உண்பது, யார் சமைத்தது, எந்தக் கலத்தில் சமைத்தது என்று அச்சொல்லில் ஒன்றும் இல்லை. இலத்தீன் திருச்சபையின் நோன்புச் சட்டமும் சரியாக இதைத்தான் சொல்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின் 41ஆம் அதிகாரம் தவக்காலத்தில் துறவியர் மாலையில் ஒரே வேளை உண்ணும்படி விதிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், நோன்பு பற்றிய தம் வினாவில், ஒரு முறை மட்டும் உண்பது நோன்பின் இலக்கணமா என்பதற்கே தனி உட்பிரிவு ஒதுக்கி, ஆம் என்று முடிக்கிறார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இரண்டு விதிகளை இரண்டு எண்களில் பிரித்து வைக்கிறது: 1250 இறைச்சியையும் இறைச்சிச் சாற்றையும் விலக்குகிறது, 1251 நாளுக்கு ஒரே ஒரு முழு உணவு என்கிறது, காலையிலும் மாலையிலும் சிறிது உட்கொள்வதைத் தடுக்காமல். முதல் விதிக்குத் தமிழில் சுத்தபோசனம், இரண்டாவதற்கு ஒருசந்தி. மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின் இரட்டைத் தன்மையை இம்மியும் பிசகாமல் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். தற்செயலாக எஞ்சிய பழக்கத்துக்கு இவ்வளவு இலக்கணச் சுத்தம் வாய்ப்பது அரிது. 1917 பிந்திய காலம், தமிழ் வழக்கு அதற்கு முந்தியது என்று ஒருவர் சொல்லக்கூடும். அத்தொகுப்பு பழைய சட்டத்தைத் திரட்டியதே. பெனடிக்ட்டின் ஒழுங்கு தமிழ் எழுத்தில் முதல் ஞானோபதேசம் அச்சேறிய 1578க்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. அந்த மறுப்பைத் தொடர வேண்டியதில்லை.

வலுவான சான்று மறுதரப்பில் இரண்டு உண்டு. ஒன்று பானை. ஒருசந்திப் பானையை நாய்க்குத் தெரியுமா என்று கேட்கும் பழமொழியில் வரும் பானை, விரதச் சமையலுக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட கலம். அப்படியானால் ஒருசந்தி என்ற சொல்லுக்குள்ளேயே தீட்டும் சுத்தமும் ஒதுக்கலும் இருக்கின்றன, அது வெறும் எண் அன்று என்று வாதிடலாம். இது எளிதில் தள்ளக்கூடியதன்று. ஆனாலும் பழமொழி காட்டுவது விரதத்தைச் சூழ்ந்த வீட்டு ஒழுங்கை. சொல்லின் பொருளை அன்று. பானை சுத்தமாக இருந்தும் அன்று இருவேளை உண்டவர் ஒருசந்தி இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். கலம் கலந்துபோயும் ஒருவேளையோடு நின்றவர் ஒருசந்தியில் குறைபட்டார் என்று வேண்டுமானால் சொல்வார்கள். ஆகவே எண் இன்றியமையாதது; பானை அதோடு சேர்ந்து வருவது. ஞானோபதேசம் எழுதியவர் எண்ணை எடுத்துக்கொண்டு பானையைக் கீழே வைத்தார் என்பதே என் வாசிப்பு. பானை எங்கே போயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாவது சான்று இயேசு சபை மறைப்பணியாளர் ராபர்ட் தெ நொபிலி. மதுரையில் அவர் காவி உடுத்தி, மரக்கறியும் சோறும் பாலுமாக நாளில் ஒருவேளை மட்டும் உண்டு வாழ்ந்தது யாவரும் அறிந்தது. தமிழ்க் கத்தோலிக்க நோன்பு சந்நியாசியின் விரதத்தை ஒட்டி வார்க்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். இங்கே இரண்டு செய்திகள் ஒன்றாகக் குழைக்கப்பட்டிருக்கின்றன. ஒருவேளை உண்பதை நொபிலி மதுரையில் கற்க வேண்டியிருக்கவில்லை. அவர் வளர்ந்த திருச்சபையின் தவக்காலச் சட்டமே அது. அதை நாற்பது நாளிலிருந்து ஆண்டு முழுமைக்கும் நீட்டினார். அவர் உண்மையிலேயே புதிதாக ஏற்றது புலால் மறுப்பையும், பிராமணர் கையால் சமைத்த உணவையும். அதாவது எண் கூடவே வந்தது. பானையை இங்கே வாங்கினார். அவரைச் சுற்றி எழுந்த வழக்கில் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. ஒருவேளை உணவு வழக்குப் பொருளாகவே இல்லை. உரோமைக்கு அதில் அந்நியமாக எதுவும் படவில்லை என்பதற்கு இதுவும் ஒரு குறிப்பு. மௌனத்திலிருந்து வாதிடுவதன் வரம்பு எனக்குத் தெரியும். ஆகவே குறிப்பு என்பதற்கு மேல் இதை ஏற்றிச் சொல்லவில்லை.

இந்து வழக்கிலிருந்த சொல்லை எடுத்ததே எச்சத்துக்குச் சான்றல்லவா என்பாரும் உண்டு. அப்படியானால் உபவாசத்தை என்ன செய்வது? சீர்திருத்தச் சபைகளின் தமிழ் வேதாகமம் ஆளும் சொல் அது. பெந்தெகொஸ்தே சபைகளின் வாராந்தர உபவாச ஜெபம் அதன் பெயரிலேயே நடக்கிறது. சதபத பிராமணத்தின் தொடக்கத்திலேயே அச்சொல்லின் வேர் விளக்கப்பட்டிருக்கிறது: வேள்விக்கு முந்திய நாள் தேவர்கள் வேட்பவன் வீட்டில் வந்து தங்குகிறார்கள், விருந்தினர் உண்ணுமுன் வீட்டுக்காரன் உண்பது முறையன்று. சொல்லின் பிறப்பே நோன்பின் சமயத்தைத் தீர்மானிக்குமானால், பழைய மகாபலிபுரம் சாலையின் மாடிக் கூடங்களில் கூடும் உபவாச ஜெபங்களை வேள்வியின் எச்சம் என்று எழுத வேண்டும். யாரும் எழுதவில்லை. உபவாசத்துக்கு விவிலியப் பொருளையும் ஒருசந்திக்கு நாட்டார் பொருளையும் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டுத் தொடங்கிய ஆய்வுதான் அந்த எச்ச வாசிப்பு. கத்தோலிக்கரிடம் பழைய சமயத்தைத் தேடுவதும் மற்றவரிடம் தேடாமலிருப்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சபைப் பூசலின் மீதம் என்று சந்தேகிக்கிறேன்.

இனி சுத்தபோசனம். சட்டம் விலக்குவது இறைச்சியை; மீனை அன்று. 1917இன் தொகுப்பு முட்டையையும் பாலையும்கூடத் தடுக்கவில்லை. அக்குவினாஸ் மீனை அனுமதிப்பதற்குச் சொல்லும் காரணம் சுத்தத்தைப் பற்றியதே அன்று: தரையில் வாழ்ந்து காற்றைச் சுவாசிக்கும் உயிர்களின் ஊன் மனிதனுக்கு அதிகச் சுவையும் கிளர்ச்சியும் தருகிறது, நோன்பு அந்த இச்சையை அடக்க வந்தது என்பதே அவர் வாதம். இறைச்சி அழுக்கு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தமிழ்ச் சொல்லோ சுத்தம் என்று தொடங்குகிறது. தொடங்கியதும் எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது. சைவம், அசைவம் என்ற பிரிவில் மீனும் முட்டையும் ஆட்டிறைச்சியோடு ஒரே பக்கம் நிற்பவை. தவக்காலம் முழுதும் மீனைத் தொடாத கத்தோலிக்கக் குடும்பங்கள் தமிழகமெங்கும் உண்டு. அவர்களை அதற்குக் கட்டாயப்படுத்தும் திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை. 1808இல் ஜான் டி மான்டி எழுப்பிய கார்மேல் மாதா கோயில் நிற்கும் கோவளம் போன்ற கடற்கரையில் இதன் முரண் கூர்மையாகிறது. மீனே அன்றாட உணவும் பிழைப்புமான ஊரில் சட்டப்படி இறைச்சியை மட்டும் விடுவது அதிகம் உறுத்தாது. தமிழ்ச் சொல்லின்படி விடுவதோ வலையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போலாகும். ஒருசந்தியிலிருந்து கீழே வைக்கப்பட்ட பானை வந்து சேர்ந்த அடுப்பு இதுதான். எச்ச வாதம் சொல்வது இங்கே முழுக்கப் பொருந்துகிறது. அதைச் சொன்னவர்கள் பக்கத்துச் சொல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பெனிதேமினி என்ற திருத்தூது ஆணை வழியாக நோன்புக் கடமையைச் சுருக்கினார். இன்றைய சட்டத்தில் எண்ணும் நோன்பு திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே, அதுவும் 18 வயது நிரம்பியவர் முதல் அறுபதைத் தொடங்குவோர் வரை. ஒருசந்தி என்ற சொல்லும் பேச்சிலிருந்து தேய்ந்து, அந்த இடத்தில் நோன்பு என்ற பொதுச்சொல் வந்து அமர்ந்தது. நல்ல தமிழ்ச்சொல்தான், ஆனால் அதில் எண் இல்லை. எண் போனபின் நின்றது சுத்தம் ஒன்றே. 2002இல் தனி மறைமாவட்டமான செங்கல்பட்டின் வட பகுதியில், நாவலூர், சிறுசேரிப் பணியிடங்களை ஒட்டிக் குடியேறிய விசுவாசிகளிடம் தவக்காலம் என்றால் பெரும்பாலும் அசைவம் விடுவதுதான். மூன்று வேளையும் அப்படியே; பனீரும் காளானும் மீனின் இடத்தில். உடல் இளைக்க நாளுக்கு ஒருவேளை உண்போர் அதே அலுவலகங்களில் இருக்கிறார்கள் என்பது வேடிக்கை. எண்ணை உடற்பயிற்சிக் கூடம் எடுத்துக்கொண்டது, பானையைக் கோயில் வைத்துக்கொண்டது.

எண் மட்டும் இருந்தால் அதில் ஆன்மிகம் ஏது, அது கணக்கு வழக்குத்தானே என்று கேட்கலாம். இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட எர்மாவின் ஆயன் என்ற நூல் இதற்கு நேரான விடை வைத்திருக்கிறது. அதன் ஐந்தாம் உவமை, நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் தவிர எதையும் தொடாமல், உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டுக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ ஏழைக்கோ கொடுக்கச் சொல்கிறது. கணக்கு அங்கே பக்திக்குக் குறுக்கே நிற்கவில்லை. பக்தி நடப்பதே அதன் வழியாக. ஒருவேளையை விட்டால் ஒருவேளைச் சோறு மிஞ்சும். மீனுக்குப் பதில் பனீர் என்றால் ஒன்றும் மிஞ்சாது, சில சமயம் செலவு கூடும். பிச்சையெடுத்து உண்பவர், ஒருவேளைக்குப் போதுமானதை ஒருசேரப் பெற முடியாதவராயின், இச்சட்டத்துக்கு உட்பட்டவர் அல்லர் என்று அக்குவினாஸ் விலக்கு அளிப்பதும் இதே தர்க்கம்தான். விடுவதற்கு இன்னொரு வேளை இருப்பவருக்கே ஒருசந்தி. 1876–78 பஞ்சத்தில் ஒருவேளைக்கும் வழியற்றுப் போன செங்கல்பட்டு மாவட்டத்தில் நோன்பைப் புகழ்வது கொடுமை என்ற ஆட்சேபத்துக்கு, சட்டமே அவர்களிடம் நோன்பு கேட்கவில்லை என்பதற்கு மேல் பதில் தேவையில்லை.

எண்ணும் நோன்பு முற்றாக அழிந்துவிடவில்லை என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது, அதுவும் ஒரு பானைதான். பெரிய வெள்ளியன்று தமிழகத்தின் பல கோயில்களில் வழிபாடு முடிந்ததும் கஞ்சி ஊற்றுகிறார்கள். பலருக்கு அன்றைய ஒரே உணவு அது. பழமொழியின் பானை ஒரு வீட்டுக்கென ஒதுக்கியது. கோயில் வாசலில் ஏற்றும் பானையில் வரிசையில் வருகிற யாருக்கும் ஒரு கரண்டி உண்டு. எச்சங்களைத் தேடுவோர் இந்தக் கஞ்சியை ஆடிக் கூழோடு ஒப்பிட்டு எழுதக்கூடும், எழுதட்டும். அந்த ஒப்பீட்டில் கலத்தையும் பண்டத்தையும் மட்டும் வைத்து நிறுத்தாமல், அன்று அதைக் குடிப்பவர் அதற்குப் பின் உண்கிறாரா இல்லையா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.