45 என்ற எண் வந்த வழி

பத்தில் ஒன்று பழுதான பல்புகள் கலந்த பெரிய சரக்கு. அதிலிருந்து பார்க்காமல் 10 பல்புகளை எடுத்தால், சரியாக 2 பழுதாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? பிளஸ் டூ பாடப்புத்தகத்தில் பார்த்த கணக்குதான். 45-ஐ எழுதி, அதை 0.1-ஆல் இருமுறையும் 0.9-ஆல் எட்டு முறையும் பெருக்கினால் 0.1937, அதாவது சுமார் 19 சதவீதம். பழுதான இரண்டும் பத்தில் எந்த இரண்டு இடங்களில் வரலாம் என்பதற்கான வழிகளே அந்த 45. அதன் பூர்வீகம் தொழிற்சாலை அல்ல, செய்யுள்.

சமஸ்கிருத யாப்பு நூல் செய்த பிங்கலர், லகு, குரு என்னும் இருவகை அசைகளால் எத்தனை வகை அடிகள் அமையும் என்று எண்ணினார். அவர் சூத்திரங்கள் மிகவும் இறுக்கமானவை. 10-ஆம் நூற்றாண்டில் அவற்றுக்கு உரை எழுதிய ஹலாயுதர், மேலுள்ள இரு கட்டங்களைக் கூட்டிக் கீழ்க்கட்டத்தை நிரப்பும் ‘மேரு பிரஸ்தார’த்தை விளக்கினார். பத்து அசை அடியில் லகு இரண்டே வரும் வகைகளைத் தேடினால், அங்கே நிற்கிறது 45.

ஏறக்குறைய அதே காலகட்டத்தில் பாக்தாத்தில் அல்-கராஜி இதே எண்களை இயற்கணிதத்துக்காக அடுக்கினார். அவருடைய அந்த நூல் தொலைந்துவிட்டது. 12-ஆம் நூற்றாண்டில் அல்-சமவால் தன் புத்தகத்தில் எடுத்தெழுதியதால் அட்டவணை தப்பியது. சீனத்திலும் இதே கதை: ஜியா சியானின் நூல் அழிந்தது, 1261-இல் யாங் ஹூய், இந்த எண்களை முக்கோணமாக வரைந்து ஜியா சியானின் பெயரையும் மறக்காமல் குறித்துவைத்தார். படியெடுத்தவர்கள் இல்லாவிட்டால் இருவரின் அட்டவணைகளையும் நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

ஐரோப்பாவில் இந்த முக்கோணம் அச்சேறியது வியாபாரிகளின் தயவில். 1527-இல் பேட்ரஸ் அபியானஸ் வெளியிட்ட வணிகக் கணக்குப் புத்தகத்தின் முகப்பிலேயே அது இருந்தது. 1654-இல் சூதாட்டம் உள்ளே நுழைந்தது. பாதியில் நின்ற ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் அலசினார்கள். பாஸ்கல் முக்கோணத்தைக் கையிலெடுத்தார். அவர் நூல் வெளிவந்தது 1665-இல், இறந்து மூன்றாண்டு கழித்து. பெயர் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

ஆட்டக்காரர்கள் இருவருக்கும் சம வாய்ப்பு என்றால் எண்ணிக்கையே போதும். பல்பு விஷயத்தில் 0.1-க்கும் 0.9-க்கும் தனித்தனி எடை வேண்டும். அந்த எடையை முழுமையாகச் சேர்த்தவர் பாசெல் நகரத்து யாக்கோபு பெர்னூலி. தன் நூலை முடிக்காமல் 1705-இல் அவர் இறந்துபோக, 1713-இல் தம்பி மகனான நிக்கோலாஸின் முன்னுரையோடு அது வந்தது. பத்துக்குப் பதில் ஆயிரம் என்றால் பெருக்கியே கை ஓய்ந்துவிடும். பிரான்ஸிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி லண்டனில் டியூஷன் எடுத்துப் பிழைத்த தெ மொவாவ்ர், 1733-இல் அதற்குக் குறுக்குவழி கண்டார். அதிலிருந்துதான் மணிவடிவ வளைவு பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாட்ஜும் ரோமிக்கும் தொலைபேசி உதிரிபாகங்களைச் சோதிக்க அட்டவணைகள் வகுத்தார்கள். 1944-இல் அவை நூலாயின. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்காமல், சிலவற்றைச் சோதித்தே சரக்கை ஏற்கலாமா, திருப்பி அனுப்பலாமா என முடிவெடுக்க முடிந்தது.

இத்தனை கைகள் காப்பாற்றித் தந்த கணக்குக்கு ஒரே ஒரு நிபந்தனை: எடுக்கும் கை ஒருபக்கம் சாயக்கூடாது. விற்பவர் நல்லதை மேலே அடுக்கி, வாங்குபவர் மேலாகவே எடுத்தால், பெர்னூலியே வந்தாலும் விடை தவறாகத்தான் வரும்.