முகப்புக் கண்ணாடியின் மங்கல்

பரந்தனிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதி பெரும்பாலும் மேற்கு முகமாகவே ஓடுவது. சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை ஐந்து மணி கடந்த வேளையில், வாடகைக் கார் ஒன்றிலே அவ்வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். வெயிலைத் தணிப்பதற்காக அக்காரின் கண்ணாடிகள் யாவற்றிலும், முகப்புக் கண்ணாடி உட்பட, நிறத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. சாய்ந்த கதிரவன் நேர் எதிரே வந்ததும் முகப்புக் கண்ணாடி முழுவதும் பால் வார்த்தாற்போல வெளுத்துவிட்டது. வீதியைக் கடந்துகொண்டிருந்த மாட்டுக் கூட்டம் எங்கள் கண்ணிற் படவேயில்லை. மேய்ப்பவன் எழுப்பிய கூக்குரலே மாடுகளையும் எங்களையும் காத்தது. சாரதி வண்டியை ஓரமாக நிறுத்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சேர், இது போன கிழமை ஒட்டின தாள். காய்ஞ்சால் தெளிஞ்சிடும்" என்றார்.

அவர் சொன்னது பாதி உண்மை. மற்றப் பாதியை அறிய விரும்பி, எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு சில நூல்களைப் புரட்டினேன். இரசாயனம் நான் முறையாகக் கற்ற பாடமன்று. ஆயினும் அங்கே கண்டது ஒரு நல்ல வரலாறு. அதனையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கறுப்பு வேறு, மங்கல் வேறு. கண்ணாடி கறுத்திருந்தால் அதனூடாக வரும் ஒளி குறையும். ஆனால் வரும் ஒளி நேராகவே வரும். மங்கலிலோ ஒளி குறைவதன்று குற்றம், சிதறுவதே குற்றம். வந்த திசையிலிருந்து 2.5 பாகைக்கு மேல் விலகிச் சிதறும் ஒளி நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் கொண்டே மங்கலை அளக்கின்றனர். சாதாரண பகலொளியிலே நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சிதறினால் எவரும் அதனைப் பொருட்படுத்தார். கதிரவனோ எதிர்வண்டியின் விளக்கோ நேரே நின்றால் அந்தச் சிறு பங்கே பெரும் ஒளித் திரையாகி, முன்னே நிற்கும் மாட்டையும் மனிதரையும் மறைத்துவிடும்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் முகப்பிலே இருந்தது வெறும் பலகணிக் கண்ணாடிதான். அது தெளிவானது; ஆனால் விபத்திலே வாளாக மாறியது. 1903 ஆம் ஆண்டிலே, பாரிசு நகரத்து ஓவியரும் இரசாயனவியலாருமான எடுவா பெனடிக்டசு என்பவர், தம் ஆய்வுகூடத்தின் உயர்ந்த தட்டிலிருந்து விழுந்த கண்ணாடிக் குடுவை ஒன்று கீறல் விட்டதேயன்றிச் சிதறவில்லை என்பதைக் கண்டார். பல ஆண்டுகளுக்கு முன் அதனுள் இருந்த செலுலோசு நைத்திரேற்றுக் கரைசல் உலர்ந்து, உட்புறத்திலே மெல்லிய தோல்போற் படிந்திருந்ததாம். பின்னர் கார் விபத்தொன்றிலே கண்ணாடியால் ஒரு பெண் காயமுற்ற செய்தியைப் படித்தபோது அக்குடுவை நினைவுக்கு வந்தது என்பது அவரே சொல்லிய கதை. கதைகளுக்கு இத்தகைய அழகான தற்செயல்கள் வாய்ப்பதுண்டு. நாம் அதனை அவர் சொல்லாகவே வைத்துக்கொள்வோம்.

இதற்கிடையில், 1905 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் சுவிண்டன் நகரத்துச் சட்டத்தரணி யோன் குரூ வூட் என்பவர், கனடாப் பிசின் கொண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். அம்முறை வணிகத்திலே வெற்றிபெறவில்லை. பெனடிக்டசு 1909 ஆம் ஆண்டிலே தம் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். இரண்டு கண்ணாடிகள், நடுவே ஒரு செலுலோசுத் தகடு, ஆக மூன்று படைகள். ஆதலால் "திரிப்பிளெக்சு" என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. 1912 ஆம் ஆண்டிலே அப்பெயரால் இங்கிலாந்திலே ஒரு கும்பனியும் தோன்றியது. முதலாம் உலகப் போரின்போது நச்சுவாயு முகமூடிகளின் கண்வில்லைகளுக்கு இக்கண்ணாடி பயன்பட்டது. 1927 ஆம் ஆண்டின் இறுதியிலே போர்ட் கும்பனி வெளியிட்ட 'ஏ' மாதிரிக் காரிலே இத்தகைய முகப்புக் கண்ணாடி பொருத்தப்பட்டதோடு, செல்வர்க்கே உரியதாயிருந்த இப்பாதுகாப்பு எளியவர் வண்டிக்கும் வந்தது.

வந்த சில ஆண்டுகளிலேயே ஒரு புதுக் குறை தலைகாட்டிற்று. வாங்கும்போது பளிங்குபோலிருந்த கண்ணாடி மஞ்சளாகிப் பின் கபில நிறமாயிற்று. ஓரங்களிலே குமிழிகள் எழுந்தன. கண்ணாடியைக் கழுவிக் கழுவிச் சலித்தோர் பலராயிருந்திருப்பர். கழுவுதற்கு எட்டாத நடுப்படையிலல்லவோ குறை இருந்தது! செலுலோசு நைத்திரேற்று, கதிரவனின் ஊதாக் கடந்த கதிர்களாற் சிதைவது. சிதையும்போது வெளிப்படும் நைதரசன் ஒட்சைட்டு வாயுக்கள் அச்சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அக்காலச் சினிமாச் சுருள்களும் இப்பொருளாலேயே செய்யப்பட்டன. அவற்றுள் எத்தனையோ பெட்டிகளுக்குள்ளேயே பொடியாய்ப் போயின. மனிதரைக் காக்க வைத்த படலமே அவர்தம் கண்ணை மறைக்கத் தொடங்கியதை எண்ணும்போது, கிடைத்த பாதுகாப்பிலே ஒரு பகுதி திருப்பிப் பறிக்கப்பட்டதென்றே சொல்லத் தோன்றுகிறது.

1930 களில் செலுலோசு அசற்றேற்று அவ்விடத்தைப் பிடித்தது. அது ஒளிக்கு அஞ்சாதது; ஆனால் குளிரிலே நொறுங்குந் தன்மையும் ஈரத்தை ஏற்குந் தன்மையும் உடையது. அப்பத்தாண்டின் பிற்பகுதியிலே பொலிவைனைல் பியூற்றிரல் என்னும் நெகிழ்தகடு வந்தது. இன்றும் கார்களின் முகப்புக் கண்ணாடிக்குள்ளே இருப்பது பெரும்பாலும் அதுவே. 1960 களின் நடுப்பகுதியிலே அதன் தடிப்பை 0.38 மில்லிமீற்றரிலிருந்து 0.76 மில்லிமீற்றராக உயர்த்தினர். மோதும் தலை கண்ணாடியைக் கிழித்துக்கொண்டு வெளியே செல்லாது தடுப்பதே அதன் நோக்கம்.

இத்தகட்டைப் பற்றிய ஒரு செய்தி என்னைப் பெரிதும் கவர்ந்தது. ஆலைக்கு வரும்போது இது தெளிவாக இருப்பதில்லை. மேற்பரப்பு வேண்டுமென்றே சொரசொரப்பாக்கப்பட்டுப் பால்நிறமாயிருக்கும். இடையிலுள்ள காற்று வெளியேற வழி வேண்டுமன்றோ? இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, காற்றைப் பிழிந்தெடுத்து, பெரிய அமுக்க அடுப்பினுள்ளே ஏறத்தாழ 140 பாகை செல்சியசு வெப்பத்திலும், வளிமண்டல அமுக்கத்தைப்போற் பன்னிரண்டு மடங்கு அமுக்கத்திலும் வேகவைத்தபின் வெளியே எடுத்தால், பால்நிறம் மாயமாய் மறைந்திருக்கும். தகடும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவாக முறிப்பவை; நடுவே காற்று இல்லையெனின் ஒளிக்கு எல்லை தெரிவதில்லை. மங்கலின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. இடையிலே காற்றோ நீரோ துகளோ எது சிக்கினாலும் அங்கே ஒளி தடுமாறும். பழைய கார்களின் கண்ணாடி ஓரங்களில் வெண்கரை கட்டியிருப்பதும் ஈரம் உட்புகுந்ததனாலேயே.

நம் நாட்டுக்கு வந்த பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றிலே மூன்றுபடைக் கண்ணாடிக்குப் பதிலாக, வெப்பத்தால் வன்மையூட்டிய ஒற்றைக் கண்ணாடியே இருந்தது. அது மஞ்சளாவதில்லை, ஆனால் ஒரு கல் பட்டால் முழுவதும் நொடியிலே வெண்பொரியாகிவிடும். என் அம்மான் ஒருவர் அவ்வாறு வெளுத்த கண்ணாடியை ஓடும் வண்டியிலேயே கைமுட்டியாற் குத்தித் துளை செய்து வழி பார்த்ததாகச் சொல்லுவார். வலக்கையிலிருந்த தழும்பையும் சான்றாகக் காட்டுவார்.

இனி நிறத்தின் கதை. 1950 களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களிலே இளம்பச்சைக் கண்ணாடி பரவியது. கண்ணாடிக் குழம்பிலே இரும்பைச் சேர்த்து, வெப்பந் தரும் செந்நிறக் கீழ்க் கதிர்களை உறிஞ்சச் செய்யும் முறை அது. இரவிலே பார்வைத் தூரம் குறைகிறதா என்று ஆய்வாளர் அக்காலத்திலேயே வாதிட்டனர். எனினும் நிறம் கண்ணாடியிலேயே கரைந்திருந்தமையால் மங்கல் என்ற குற்றச்சாட்டு எழவில்லை. நிறத்தைப் பின்னர் ஒட்டலாமென்ற எண்ணம் வந்தபோதே பழைய தொல்லை திரும்பியது. 1941 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்னும் இருவர் ஆக்கவுரிமை பெற்ற பொலியெசுத்தர், 1950 களிலே மெல்லிய தாளாக வந்தது. அதன்மீது சாயமேற்றியும் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தும் வெயில்தடுப்புத் தாள்கள் செய்யப்பட்டன. மலிவான சாயத் தாள்கள் சில ஆண்டுகளிலே ஊதாவாக மாறின. கலந்த சாயங்கள் ஒரே வேகத்தில் வெளிறாமையே காரணம். 1930 களின் மஞ்சளுக்கும் இவ்வூதாவுக்கும் காரணகர்த்தா ஒரே கதிரவன்தான்.

எங்கள் சாரதியின் தாளுக்கு வருவோம். தாளை ஒட்டும்போது சவர்க்கார நீர் தெளித்து, இரப்பர்த் தகட்டால் இழுத்து வெளியேற்றுவர். எஞ்சும் நீர் சிறு பைகளாகத் தங்கி மங்கலை உண்டாக்கும்; சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது உலர்ந்துவிடும், மாரிகாலத்திலே இன்னுஞ் சற்றுத் தாமதிக்கும். அவர் சொன்ன பாதி உண்மை இதுவே. மாதக்கணக்காகியும், சாய்ந்த வெயிலில் மட்டும் ஒரே சீராக வெண்மை தோன்றுமாயின், அது நீரன்று. தாளின் பசையிலேயே உள்ள குறை. அதற்கு உரித்தலன்றி மருந்தில்லை. துணியால் துடைக்கையில் உட்புறத்திலே எண்ணெய்போல் வழுவழுப்பு அகப்பட்டால், காரின் உட்பலகைப் பிளாத்திக்கு வெயிலிற் சூடேறி விட்ட ஆவி படிந்ததென்று கொள்ளலாம், தாளிலே குற்றமில்லை. வெளிப்புறத்தில் விற்போல் வளைந்த கோடுகள் மின்னினால், மணலோடு சேர்த்துத் துடைப்பான் கீறியது. இந்நான்கையும் பிரித்தறியாது தாளை மாற்றுவோர் பணத்தை வீணாக்குவர். தாளை மாற்றாதிருப்போர் சில வேளைகளில் அதனினும் பெரியதை இழக்க நேரிடும்.

அரசுகள் பெரும்பாலும் கறுப்பையே அளக்கின்றன. முகப்புக் கண்ணாடி நூற்றுக்கு எழுபது பங்கு ஒளியையாவது விடவேண்டுமென்பது அமெரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ள விதி; இந்திய உயர் நீதிமன்றம் 2012 ஏப்பிரில் 27 இல் ஒட்டுத் தாள்களையே விலக்கித் தீர்ப்பளித்தது. எழுபது பங்கு விடும் தாளும் மங்கலாயிருக்கக்கூடும் என்பதை வீதியிலே மறிக்கும் அலுவலரின் கருவி சொல்வதில்லை. மாலை ஐந்து மணி வெயில் சொல்லும்.

மூன்று மாதங்களின் பின் அச்சாரதியைச் சந்தையடியிலே கண்டேன். மங்கல் தெளியவேயில்லையாம். முகப்புத் தாளை உரித்துவிட்டார். பக்கக் கண்ணாடிகளில் மட்டும் விட்டிருக்கிறார். உரித்த இடத்தின் கீழ்மூலையிலே பசை இன்னும் விரலகலத்துக்கு ஒட்டியிருந்தது. அதனைச் சவரத் தகட்டாலே சுரண்டிக்கொண்டே என்னோடு பேசினார்.