இராணிக்கெட்: ஊர்ப்பெயர் நோய்ப்பெயரான கதை

குமாவுன் மலைநகரான இராணிக்கெட்டின் பெயர் இந்தியக் கால்நடை மருத்துவ ஏடுகளில் ஒரு கோழி நோயின் பெயராகவே நிலைத்துவிட்டது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தோன்றிய அதே நச்சுயிரி நோயை, முக்தேஷ்வர் ஆய்வு நிறுவனத்தின் எட்வர்ட்ஸ் ஓரிரு ஆண்டுகளில் இங்கே பதிவுசெய்தார். தமிழ்ச் சிற்றூர்களில் அது 'வெள்ளைக்கழிச்சல்'. எச்சத்தைக் கண்டு இட்ட பெயர். கோழி வாய் திறந்து மூச்சுக்குத் திணறுவதை அது சொல்லவில்லை. ஆயினும் இது நோயை நோக்கி இடப்பட்ட பெயர், இராணிக்கெட்டும் நியூகாசிலும் ஊர்ப்பெயர்கள்.

1940களில் ஹாடோவும் இத்நானியும் முக்தேஷ்வரிலேயே, கருவுற்ற முட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்த நச்சுயிரியைக் கொண்டு உயிர்த் தடுப்பூசியை உருவாக்கினர். பண்ணைகளுக்கு அது அரணாயிற்று. கொல்லையில் ஐந்தாறு கோழிகள் வளர்க்கும் பெண்ணுக்கு ஆகவில்லை. குப்பியோ நூறு கோழிகளுக்கானது. கரைத்த மருந்து சில மணி நேரத்தில் வீணாகிவிடும். அதுவரை குளிர் குன்றவும் கூடாது. இதைக் குளிர்பதன வசதிக் குறை என்று மட்டும் சொல்லிவிடுவது எளிது. குப்பியின் அளவே பண்ணையை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது என்பதுதான் கவனிக்கத்தக்கது. சிற்றூர்க் கோழிகளுக்கென்றே வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்பூசி பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே ஆஸ்திரேலியாவில் உருவாயிற்று.