கணக்கெடுத்த நாளில் வீட்டில் இருந்தவர்கள்

"அவங்கள்ட துவக்கும் விமானமும் எத்தனை நாளைக்கு? நம்மட சனம் பெருகிக்கொண்டு வருது. கடைசியில எண்ணிக்கைதான் வெல்லும்." பலஸ்தீன் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பள்ளிவாசல் திண்ணையிலும் தேத்தண்ணிக் கடையிலும் நான் கேட்டு வளர்ந்த வார்த்தை இது. நானும் நெடுங்காலம் அதை நம்பியவன்தான். பழைய குடிசன மதிப்பு அட்டவணைகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

1922 ஒக்டோபரில் பிரித்தானியர் எடுத்த கணக்கில் பலஸ்தீனின் சனத்தொகை 757,182. முஸ்லிம்கள் 590,890, யூதர் 83,794, மிகுதிப் பேரில் பெரும்பாலார் கிறிஸ்தவ அறபிகள். உஸ்மானியர் காலப் பதிவுகளும் உண்டு. ஆனால் அவை வரிக்கும் படைக்கு ஆள் சேர்க்கவும் எழுதப்பட்டவை. பிறநாட்டுக் குடிகளாக வந்து தங்கிய யூதர் அவற்றில் ஒழுங்காக இல்லை. ஆகவே 1922 இலிருந்தே தொடங்குகிறேன்.

1931 இல் முஸ்லிம்கள் 759,712, யூதர் 174,610. அதன்பின் ஆணையாட்சிக் காலத்தில் முழுக் கணக்கெடுப்பு நடக்கவேயில்லை. 1945 ஆம் ஆண்டுக்கான கிராமப் புள்ளிவிபரம் ஒரு மதிப்பீடு: மொத்தம் 1,764,520, முஸ்லிம்கள் 1,061,270, யூதர் 553,600.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 23 வருடத்தில் முஸ்லிம்கள் கிட்டத்தட்ட 80 வீதம் பெருகியிருக்கிறார்கள். பிள்ளைப்பேறு கூடுதல், சிசு மரணமும் குறைந்து வந்தது. திண்ணைப் பேச்சு கேட்பதெல்லாம் நடந்திருக்கிறது. அப்படியிருந்தும் நூற்றுக்கு 78 ஆக இருந்த அவர்களது பங்கு 60 ஆக இறங்கியது. யூதரது பங்கு 11 இலிருந்து 31 ஆக ஏறியது. தொட்டிலை விடத் துறைமுகம் பெரிதாக இருந்தது. ஹிட்லர் பதவிக்கு வந்த பிறகு ஐரோப்பிய யூதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 1935 இல் மாத்திரம் 60 ஆயிரத்துக்கு மேல். துறைமுகத்தின் திறப்போ லண்டனின் கையில். 1939 இல் அது ஐந்து வருடத்துக்கு 75,000 பேர் என்று கதவைச் சாத்தியபோது, அறபிகளுக்கு அது பிந்திப் போனது. ஐரோப்பாவில் சிக்கிய யூதருக்கோ கொடுமையான நேரம்.

(அறபிகளே பின்னாளில் வந்து குடியேறியவர்கள் என்று ஜோன் பீட்டர்ஸ் 1984 இல் ஒரு பெரும் புத்தகம் எழுதினார். இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் யெஹோஷுவா போராத்தே அதை மறுத்தெழுதினார். முஸ்லிம்களின் பெருக்கம் அநேகமாக முழுவதும் பிறப்பால் வந்ததே.)

பிறகு 1948. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர் விரட்டப்பட்டும் பயந்தோடியும் அகதிகளாயினர். அவ்வருடம் நவம்பர் 8 ஆந் திகதி, புதிய அரசு ஊரடங்கு போட்டு வீடுவீடாக ஆட்களைப் பதிந்தது. இஸ்ரேலுக்குள் மிஞ்சிய அறபிகள் சுமார் 156,000. எல்லைக்கு வெளியே போனவர் "இல்லாதவர்" ஆனார். அவரது வீடும் காணியும் அரசின் பொறுப்பாளரிடம் போயின. நாட்டுக்குள்ளேயே பக்கத்து ஊரில் ஒதுங்கியிருந்தவருக்கும் இதே கதிதான். "இருக்கிற இல்லாதவர்" என்று அவர்களுக்குப் பேர்!

நம்மட ஆக்கள் தாண்டிப் போகும் ஒரு பக்கமும் இருக்கிறது. 1950 மார்ச்சில் ஈராக் அரசு, வெளியேறும் யூதர் குடியுரிமையைத் துறக்கலாம் என்று சட்டம் போட்டது. அடுத்த வருடம் அவர்களது சொத்தையும் முடக்கியது. ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். அறபு பேசி, நூற்றாண்டுகளாகப் பக்தாதில் வாழ்ந்தவர்கள். யெமனிலிருந்தும் சுமார் 50 ஆயிரம். 1951 முடியும்போது இஸ்ரேலின் யூதத்தொகை இரு மடங்காகியிருந்தது. அந்தக் கணக்கை நிரப்பியதில் அறபு அரசுகளுக்கும் பங்குண்டு. இதை எழுதக் கசக்கிறது.

1967 யுத்தம் முடிந்து மூன்று மாதத்தில் மேற்குக் கரையிலும் காஸாவிலும் மறுபடியும் ஊரடங்கு, மறுபடியும் கணக்கு. குவைத்தில் வேலைக்குப் போயிருந்தவர், வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, யுத்தத்தில் ஜோர்தானுக்கு ஓடியவர் எவரும் அதில் இல்லை. சொந்த ஊரில் வாழும் உரிமையை அவர்கள் அத்தோடு இழந்தார்கள்.

பிள்ளைப்பேற்றுக் கதையும் மாறிவிட்டது. 1960களில் இஸ்ரேலின் முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி ஒன்பது பிள்ளைகள். இப்போது மூன்றளவில், யூதப் பெண்ணுக்கும் அதேயளவு. 1989 க்குப் பிறகு சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களோ பத்து இலட்சத்துக்குக் கிட்ட.

2022 அளவில் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் இரு தரப்பும் தலைக்கு 70 இலட்சம் வரை, ஏறக்குறையச் சமன். காஸாவிலோ ரமல்லாவிலோ ஒரு பிள்ளை பிறந்தால் அதற்குரிய அடையாள இலக்கம் செல்லுபடியாக, இஸ்ரேல் தன் பதிவேட்டில் அதை ஏற்க வேண்டும்.