டெட்லேண்ட்ஸ்

டெட்லேண்ட்ஸ், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு வேடமேற்று ஆடும் அமெரிக்க விளையாட்டு. ஷேன் லேசி ஹென்ஸ்லி வடிவமைத்த இதை அவருடைய பினக்கிள் என்டர்டெயின்மென்ட் குரூப் 1996-இல் வெளியிட்டது. துப்பாக்கி வீரர்கள் உலவும் அமெரிக்க மேற்கில் பேய், பிணம், மாந்திரீகம் எல்லாம் கலந்து வரும் ‘விசித்திர மேற்கு’ வகையில், மேசை விளையாட்டாக அதிகம் பேர் அறிந்தது இதுதான். சிறந்த பாத்திரமேற்பு விதிகளுக்கான 1996-ஆம் ஆண்டின் ஆரிஜின்ஸ் விருதையும் பெற்றது.

இந்தக் கதைவகை விளையாட்டுக்கு முந்தியது. ராபர்ட் இ. ஹோவர்டு 1932-லேயே டெக்சாஸ் மண்மேட்டுக்குள் ஒரு ரத்தக்காட்டேரியைப் புதைத்துக் கதை எழுதிவிட்டார். 1972-இல் டிசி நிறுவனத்தின் ‘வியர்டு வெஸ்டர்ன் டேல்ஸ்’ காமிக்ஸ் இதழ் வந்தது. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு, மந்திரவாதி மெஃபிஸ்டோவின் பெயரைச் சொன்னாலே இந்த வகை பிடிபட்டுவிடும். பாத்திரமேற்பு விளையாட்டுகளில் துப்பாக்கி வீரர்களுக்கு முதலில் இடம் தந்தது டிஎஸ்ஆர் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட ‘பூட் ஹில்’. அதில் பேய் கிடையாது. துப்பாக்கிச் சண்டை மட்டும்தான். ஒரே குண்டில் ஆள் செத்துவிடலாம் என்பது உண்மைக்கு நெருக்கமானதுதான். ஆனால் நீண்ட கதை நடத்த விரும்புகிறவர்களுக்கு அதுவே முட்டுக்கட்டை. ஆசையாக உருவாக்கிய பாத்திரம் முதல் மாலையிலேயே மண்ணுக்குள் போனால் கதை எப்படி நகரும்?

டெட்லேண்ட்ஸின் உலகில் வரலாறு 1863 ஜூலையில் தடம் மாறுகிறது. தன் இனம் அழிக்கப்பட்டதற்குப் பழிவாங்கத் துடிக்கும் ரேவன் என்ற பழங்குடி மந்திரவாதி, ஆவி உலகின் கதவைத் திறந்துவிடுகிறான். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் விழுந்த பிணங்கள் எழுந்து நடக்கின்றன. 1868-இல் வரும் பெரும் நிலநடுக்கத்தில் கலிஃபோர்னியாக் கரை உடைந்து கடல் புகுந்த பள்ளத்தாக்குகளாகிறது. வெடித்த பாறைகளுக்குள் கிடைக்கிறது ‘பேய்க்கல்’. நிலக்கரியைவிடச் சூடாகவும் நீண்ட நேரமும் எரியும், எரியும்போது ஓலமிடும். அந்தக் கல்லுக்காக ரயில் கம்பெனிகள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்க்கின்றன. கதை தொடங்கும் ஆண்டு 1876. டெட்வுட் ஊரின் மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த வைல்டு பில் ஹிக்காக் பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்ததும் அதே ஆண்டுதான்.

ஹென்ஸ்லியின் திறமை கதையைவிட விதிகளில்தான் தெரிகிறது. மதுக்கடை மேசையில் கிடக்கும் பொருள்களையே விளையாட்டின் கருவிகளாக்கிவிட்டார்: பகடையோடு ஒரு சீட்டுக்கட்டு, ஒரு குவியல் போக்கர் சில்லுகள்.

பாத்திரத்தை உருவாக்கப் பன்னிரண்டு சீட்டு எடுக்க வேண்டும். இரண்டைக் கழித்துவிட்டு மற்ற பத்தையும் கைத்திறன், வேகம், மனவுறுதி போன்ற பத்துக் குணங்களுக்குப் பங்கிடலாம். சீட்டின் மதிப்பு எத்தனை முகப் பகடை என்பதைச் சொல்லும். இனம் எத்தனை பகடை என்பதைச் சொல்லும். கிளாவருக்கு ஒன்று, டைமண்டுக்கு இரண்டு, ஆர்ட்டினுக்கு மூன்று, இஸ்பேடுக்கு நான்கு. ஆகவே கிளாவர் ராணி வந்தால் பத்துமுகப் பகடை ஒன்று. இஸ்பேடு இரண்டு வந்தால் நான்குமுகப் பகடை நான்கு. உருட்டியதில் பெரிய எண்தான் கணக்கு. உச்ச எண் விழுந்தால் அந்தப் பகடையை மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். பார்வைக்கு ராணிதான் வலுவானவள். ஆனால் சாதாரண இலக்கான ஐந்தை எட்ட அவளுக்கு 60 விழுக்காடு வாய்ப்பு. அந்த எளிய ‘இரண்டு’க்கோ ஏறக்குறைய 68 விழுக்காடு. சீட்டு கைக்கு வந்ததும் ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்துவிடுவார்கள். பாத்திரத்தின் முகம் அப்போதே தெளிய ஆரம்பிக்கிறது.

சண்டையிலும் சீட்டுதான் முறையைத் தீர்மானிக்கிறது. வேகத்துக்கான பகடையை உருட்டி, வெற்றிக்கேற்ப ஒன்று முதல் ஐந்து சீட்டு வரை பெறலாம். ‘மார்ஷல்’ எனப்படும் நடத்துநர் ஏஸில் தொடங்கி இறங்குவரிசையில் கூப்பிடுவார். தன் சீட்டு வரும்போது சுடலாம். கையில் ராஜாவை வைத்துக்கொண்டு எதிரி ஏஸை இறக்கப்போகிறானா என்று பார்த்திருக்கும் அந்த நொடியில், துப்பாக்கிச் சண்டையின் பதற்றம் வர்ணனையே இல்லாமல் வந்துவிடுகிறது. நல்ல வடிவமைப்பு என்றால் இதுதான்.

மந்திரம் தெரிந்த சூதாடிகள் பேய்களோடு மனத்துக்குள் போக்கர் ஆடித்தான் வித்தை காட்ட வேண்டும். அதற்கும் உண்மையாகவே ஐந்து சீட்டுக்குக் குறையாமல் எடுத்துச் சேர்க்கை அமைக்க வேண்டும். சேர்க்கை உயர உயர வித்தையின் வீரியம் கூடும். கருப்பு ஜோக்கரைப் பயன்படுத்தினால் வித்தை திருப்பியடிக்கும்.

போக்கர் சில்லுகள் பூட் ஹில்லின் சிக்கலுக்கு விடை. வெள்ளை, சிவப்பு, நீலச் சில்லுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி, ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் மூன்று எடுத்துக்கொள்வார்கள். உருட்டியது போதாவிட்டால் சில்லைச் செலவழித்து எண்ணைக் கூட்டலாம். காயம் பட்டால் அதைத் தணிக்கலாம். கடைசிவரை செலவழிக்காமல் வைத்திருந்தால் பாத்திரத்தின் வளர்ச்சிக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்று உயிர் பிழைப்பதா, நாளை திறமை கூட்டுவதா என்ற கேள்வியை ஒரு வட்டச் சில்லு எழுப்புகிறது. அதையும் மீறிச் செத்தவர்களில் சிலர், உடலுக்குள் ஓர் ஆவி குடிபுகுந்த நிலையில் எழுந்து வருவதும் உண்டு.

குறையும் உண்டு. குண்டு எங்கே பட்டது, எவ்வளவு ஆழம், மூச்சு எவ்வளவு போயிற்று என்று தனித்தனியே கணக்கிட வேண்டியிருந்ததால் பெரிய சண்டைகள் இழுத்துக்கொண்டே போயின. அந்தச் சுமையைக் குறைத்து 1997-இல் வந்த ‘கிரேட் ரெயில் வார்ஸ்’ பொம்மைப்போர் விதிகளிலிருந்துதான் 2003-இல் ‘சாவேஜ் வேர்ல்ட்ஸ்’ பிறந்தது. பின்வந்த டெட்லேண்ட்ஸ் பதிப்புகள் அதன் மேல் அமைந்தவை. வேகம் கிடைத்தது, பன்னிரண்டு சீட்டு எடுத்து ஆளை உருவாக்கும் சுவை போயிற்று.

2004-இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட ‘டாக்ஸ் இன் தி வைன்யார்டு’ என்ற பாத்திரமேற்பு விளையாட்டு வேறு பாதையில் போனது. அங்கே சச்சரவு பேச்சில் தொடங்கும். தோற்கப் போகிறவர் கைகலப்புக்கோ துப்பாக்கிக்கோ தாவிக் கூடுதல் பகடை பெறலாம்; ஆனால் துப்பாக்கி எடுத்தால் விளைவு மிகக் கொடியது. சுடுவது எப்படி என்பதைவிட, இதற்காகச் சுடலாமா என்பதே அதன் கேள்வி.

டெட்லேண்ட்ஸ் மீது எழுந்த கனமான விமர்சனம் வரலாறு பற்றியது. முதல் பதிப்பின் கற்பனையில் தெற்கு மாநிலக் கூட்டமைப்பு தானே அடிமைகளை விடுவித்துவிட்டு 1876-லும் தனி நாடாக நீடித்தது. அடிமைமுறையைக் காக்கவே உருவான அரசுக்கு இவ்வளவு எளிதில் பாவமன்னிப்பு கொடுத்தது அந்த உலகின் பெரும் பலவீனம். 2020-இல் கிக்ஸ்டார்டர் வழியே நிதி திரட்டிய புதிய பதிப்பு, போர் முடிந்து கூட்டமைப்பு ஒழிந்ததாகக் காலத்தையே மாற்றி எழுதியது. 2021-இல் வந்த கிறிஸ் ஸ்பைவியின் ‘ஹான்டட் வெஸ்ட்’ விளையாட்டு இன்னும் முன்னே சென்று, கருப்பினத்தவர், பழங்குடியினர் உட்பட மேற்கின் கதைகள் ஓரங்கட்டியவர்களை நடுவில் நிறுத்தியது. அடிமையாகப் பிறந்து, பின்னர் துணை மார்ஷலாகக் குற்றவாளிகளைத் துரத்திய பாஸ் ரீவ்ஸ் போன்றவர்கள் உண்மையிலேயே அந்த மண்ணில் குதிரையேறித் திரிந்தவர்கள்.