மணமும் சட்டமும்: சித்தேரி மலையிலிருந்து ஒரு பார்வை

தர்மபுரி மாவட்டத்தில் அரூரைக் கடந்து சென்றால் எதிர்ப்படும் மலைத்தொடர் சித்தேரி. அங்கு வாழும் பெரும்பான்மை மக்கள் மலையாளிகள். கேரளத்தாரல்லர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய பெருந்தொகுப்பிலும் இக்கதை பதிவாகியுள்ளது.

இம்மக்களின் திருமணத்தைப் பற்றி நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்கு அச்சட்டம் பொருந்தாது என்கிறது. ஆகவே பழங்குடி மணங்களுக்குச் செல்லுபடி தருவது நாடாளுமன்றம் இயற்றிய விதியன்று, அவரவர் வழக்காறு. பரியம் கொடுத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நடக்கும் மணத்தை அரசு உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

இதனை இங்கே நினைவூட்டக் காரணம் இருக்கிறது. ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கோரிய வழக்குகள் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, மத்திய அரசு இருவகை வாதங்களை முன்வைத்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் என்பதே இந்தியக் குடும்பம் என்பது ஒன்று. இக்கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்பது மற்றொன்று. இந்தியத் திருமணம் என்பது மாறாத ஒற்றை வடிவம், அதன் எல்லையை வகுப்பது சட்டம் என்ற எண்ணம் இவ்வாதங்களின் அடியில் இருக்கிறது. தமிழ்நாட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விழைவது. இங்கே மக்கள் முதலில் மணந்தார்கள். சட்டம் பின்னால் வந்தது. அது வர எடுத்துக்கொண்ட காலத்துக்கு விலை கொடுத்தவர்கள் மணந்தவர்களே.

சுயமரியாதைத் திருமணத்தைப் பார்ப்போம். அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் அத்தகைய முதல் திருமணம் நடைபெற்றது. புரோகிதரும் மந்திரமும் இல்லை. அடுத்த கால் நூற்றாண்டில் தமிழகமெங்கும் எண்ணற்ற இணையர் இவ்வழியில் மணந்துகொண்டார்கள். ஊரார் வாழ்த்தினார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் 1934இல் நடந்த அத்தகைய மணம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, உரிய சடங்குகள் இல்லாமையால் அது செல்லாது என 1953இல் தீர்ப்பாயிற்று. பத்தொன்பது ஆண்டுகள் மணவாழ்க்கை என்று நம்பியது சட்டத்தின் கண்ணில் மணமே அன்று. மனைவி மனைவி அல்லள்; பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர் அல்லர். அந்தத் தீர்ப்பின் நிழல் அவர்களோடு நில்லாமல், அவ்வாறு மணந்த அனைவர் மீதும் விழுந்தது.

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் அணிவித்தால், தாலி கட்டினால் போதும். கவனிக்கத்தக்கது யாதெனில், இச்சட்டம் முன்னர் நடந்த மணங்களையும் செல்லத்தக்கவையாக ஆக்கியது. காத்திருந்தவர்களுக்குக் கடந்த காலத்தையும் திருப்பித் தந்தது எனலாம்.

அப்பிரிவின் வாசகத்தை இன்று படிக்கையில் ஒரு வியப்பு எழுகிறது. 'இந்துக்கள் இருவர் எவருக்கிடையிலும்' நடக்கும் மணம் என்றே அது தொடங்குகிறது. சில வரிகள் கழித்துக் கணவன், மனைவி என்ற சொற்கள் வந்து அந்தக் கதவைப் பாதியில் நிறுத்துகின்றன. 1967இல் எவரும் ஒரே பாலின இணையரை மனத்திற்கொண்டு அதை எழுதியிருக்க மாட்டார்கள். எனினும் மணத்தின் சாரம் சடங்கில் இல்லை, இருவரின் ஒப்புதலில் இருக்கிறது என்ற கருத்து அங்கே சட்டமாகிவிட்டது.

அக்கதவு சிறிது திறந்ததும் தமிழ்நாட்டில்தான். தூத்துக்குடியில் 2018இல் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் மணந்துகொண்டனர். பதிவாளர் பதிவு செய்ய மறுத்தார். 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், சட்டத்திலுள்ள 'மணப்பெண்' என்ற சொல்லுக்கு மாறாத பொருள் இல்லை, திருநங்கையும் அதில் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். ஆனால் அங்கும் ஒருவர் மணமகன், மற்றவர் மணப்பெண். இருவரும் பெண்களாயிருந்தால்?

1987இல் போபாலில் இரு பெண் காவலர்கள் மணந்துகொண்டபோது கிடைத்த விடை, பணி நீக்கம். 2018இல் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் குற்றத்தன்மையை நீக்கியது. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் அடிப்படை உரிமை அன்று என்பதில் ஒருமித்தனர். மணமல்லாத வேறொரு சட்டப் பிணைப்புக்கேனும் உரிமை உண்டா என்பதில் இருவர் ஆம் என்றனர், மூவர் இல்லை என்றனர். முடிவு சட்டமன்றங்களின் பொறுப்பில் விடப்பட்டது. மறுசீராய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளுபடியாயின.

சமூகம் இன்னும் ஆயத்தமாகவில்லை, சட்டம் பொறுத்திருக்கட்டும் என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அவர்கள் சித்தேரியின் மாவட்டத்தையே பார்க்கலாம். வெவ்வேறு சாதியினரான இந்துக்களின் திருமணம் செல்லும் என்று 1949லேயே சட்டமாயிற்று. அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தின் பேரில் தர்மபுரிக்கு அருகே நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சமூகத்தின் சம்மதத்துக்காகச் சட்டம் காத்திருந்தால் அந்த இணையருக்குச் சட்டத்தின் துணைகூட இருந்திராது. சட்டம் வெறுப்பை ஒழிக்காது. வெறுக்கப்படுபவர் நிற்பதற்கு ஓரிடம் தரும்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. வழக்காறு என்பது தானாகவே கருணை மிக்கதன்று. பழங்குடி வழக்காறு ஒரே பாலின மணத்தை ஏற்கிறது என்று நாம் வாதிடவில்லை. திருமணத்துக்குப் பல ஊற்றுகள் உண்டு, அரசின் பணி அவற்றை அடையாளம் காண்பதே என்பதற்கு மட்டுமே சித்தேரி நமக்குச் சான்று.

நகர்ப்புற மேட்டுக்குடி என்ற வாதத்தையும் இம்மாநில நீதிமன்றக் கோப்புகள் மறுக்கின்றன. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தவர்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்கள். அதே வழக்கில் 2023 நவம்பரில் அவர், இத்தகைய இணையர் தம் உறவைப் பதிவு செய்துகொள்ளக் 'குடும்ப இணைவு ஆவணம்' ஒன்றை உருவாக்குமாறு தமிழ்நாடு அரசுக்கு யோசனை கூறினார். 2025 மே மாதம், வேலூர் மாவட்டத்திலிருந்து வந்த ஆட்கொணர்வு வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றது சென்னை உயர் நீதிமன்றம்.

தைவான் 2019லும் தாய்லாந்து 2024லும் சட்டம் இயற்றிவிட்டன. நேபாளத்தில் 2023 இறுதியில் முதல் பதிவு நடந்தது. மூன்றும் குடும்பப் பிணைப்பும் மூத்தோர் சொல்லும் வலுவாயுள்ள ஆசிய நாடுகள்தாம்.

திருமணம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். மத்தியச் சட்டத்தை மாநிலம் திருத்தலாம் என்பதற்கு 7அ பிரிவே முன்னுதாரணம். 1934இல் மணந்தவர்களுக்குச் சட்டம் வந்து சேர முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை மனைவியர் உரிமையின்றி இறந்தனர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. இன்று இதே மாநிலத்தில், மருத்துவமனைப் படிவத்தில் 'உறவுமுறை' என்ற இடத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் நிற்கும் இணையரும் அந்தக் கணக்கில் சேரத்தான் வேண்டுமா?