கடிதத்தில் திருந்திய கணக்கு: தொலைநிலைக் கல்வியில் நிகழ்தகவுக் கோட்பாடு

தொலைநிலைக் கல்வி பெரும்பாலும் நேரடி வகுப்புக்கு ஈடாகாத மாற்று ஏற்பாடாகவே மதிப்பிடப்படுகிறது. நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு இம்மதிப்பீடு பொருந்தாது என்பதும், மாணவர் எழுதியனுப்பும் விடையும் அதன் ஓரத்தில் ஆசிரியர் எழுதித் திருப்பும் குறிப்புமே இப்பாடத்தின் உயிர்நாடி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இத்துறை வளர்ந்ததே கடிதப் போக்குவரத்தில்தான். இடையில் நின்றுபோன சூதாட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பிரிப்பது என்ற சிக்கலை 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வழியே ஆராய்ந்தனர். எஞ்சிய ஆட்டங்கள் முடியக்கூடிய எல்லா வகைகளையும், அதாவது இன்று கூறுவெளி எனப்படும் முழுத் தொகுதியையும், எழுதி எண்ணுவது ஃபெர்மாவின் முறை. ஆகஸ்ட் 24 நாளிட்ட கடிதத்தில் பாஸ்கல் அதை மூவர் ஆட்டத்துக்கு நீட்டிப் பார்த்தார். முதலாமவருக்கு ஒரு வெற்றியும் மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு வெற்றிகளும் தேவையெனில் மூன்று ஆட்டங்களுக்குள் முடிவு தெரிந்துவிடும். அம்மூன்றும் 27 வகையில் அமையலாம். அவற்றுள் ஆறு வகைகளில் முதலாமவர் ஓர் ஆட்டத்தையும் வேறொருவர் இரண்டு ஆட்டங்களையும் வெல்வதால் இருவருமே தேவையை நிறைவேற்றியவராகத் தோன்றுகின்றனர். அவ்வகைகளைப் பாதிபாதியாகப் பகிர்ந்தால் பங்குகள் 16, ஐந்தரை, ஐந்தரை என வருவதைக் கண்ட பாஸ்கல், இவ்விடை பிழையாதலால் முறையே இங்குப் பயன்படாது என்று கருதினார். தேவையான வெற்றியை முந்தி எட்டியவரே வென்றவர், ஆதலால் வரிசையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று செப்டம்பர் 25-இல் ஃபெர்மா விளக்கினார். அப்போது பங்குகள் 17, 5, 5 ஆகின்றன.

பாஸ்கல் இடறியது கூட்டல் கழித்தலில் அன்று, எதை எண்ணுகிறோம் என்பதில். இன்றைய மாணவரின் பிழைகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. நோயுள்ளவருக்குப் பரிசோதனையில் நோய் தென்படும் நிகழ்தகவையும், நோய் தென்பட்டவர் உண்மையில் நோயுள்ளவராயிருக்கும் நிகழ்தகவையும் ஒன்றெனக் கொள்பவர், வகுப்பில் தலையசைத்துக் கடந்துவிடலாம். ஒப்படைப்பில் ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்ட நேரும்போது குழப்பம் வெளிப்பட்டுவிடுகிறது. 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பயிற்றுநர் திருத்தும் ஒப்படைப்பை மதிப்பெண் தரும் கருவியாக மட்டுமின்றிக் கற்பிக்கும் வழியாகவும் அமைத்தது இவ்வகையில் மிகச் சரியான முடிவு.

இம்முறையின் மெய்யான குறை காலத்தாழ்ச்சியே. பாஸ்கலுக்கு விளக்கம் எழுதப்படவே ஒரு மாதம் ஆயிற்று. அத்தகைய இடைவெளியில் தொலைநிலை மாணவர் தம் பிழையின் மேலேயே அடுத்த பாடத்தையும் கட்டிவிடக்கூடும். கணினியில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஆட்டத்தைப் பலமுறை ஆடிப் பார்க்கும் பாவனைச் சோதனை இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கிறது. அம்மூவர் ஆட்டத்தைப் பத்தாயிரம் முறை ஆடினால் முதலாமவர் வெல்லும் விகிதம் 0.59-ஐ (16/27) விட்டு விலகி 0.63-ஐ (17/27) ஒட்டியே நிற்கும் என எதிர்பார்க்கலாம். ஆயினும் ஏன் என்பதை அச்சோதனை சொல்வதில்லை. இயந்திரம் திருத்தும் பல்விடைத் தேர்வும் அவ்வாறே. 16/27 என்று எழுதியவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விடையைக் குறித்தவரும் அதன் முன் ஒரே தவற்றைச் செய்தவர்கள். முன்னவர் ஆறு வகைகளின் வரிசையை மட்டுமே கவனியாது விட்டவர் என்பதை, அவர் எழுதிய படிகளைப் படித்த ஆசிரியரால்தான் கண்டு சொல்ல முடியும்.